குரோமை அப்டேட் செய்யச் சொன்ன பக்கம்: மகள் அழுத்திவிட்டாள், இனி என்ன செய்வது?

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். தான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத் தளத்தைக் கூகுளில் தேடித் திறந்தாராம். "உங்கள் குரோம் பழைய பதிப்பு, உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று திரை முழுக்க ஓர் அறிவிப்பு. பக்கத்தில் இருந்த மகள் நீலப் பட்டனை அழுத்தி எதையோ தரவிறக்கிவிட்டாள். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் சொன்னால், "எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லையே டீச்சர், உங்கள் லெப்டொப்பில்தான் வைரஸ்" என்கிறாராம். யார் சொல்வது சரி, லெப்டொப்பை என்ன செய்வது என்பது கேள்வி.

டீச்சர், அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். லெப்டொப்பின் வைஃபையை நிறுத்துங்கள். போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு மகளைத் திட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கோப்பு இறங்கியதோடு நின்றதா, இல்லை அதை இரண்டு தடவை தட்டித் திறந்தாளா?

இறங்கியதோடு நின்றிருந்தால் பெரிய ஆபத்து இல்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையில் சும்மா கிடக்கும் கோப்பு தானாக எழுந்து ஓடாது. அழித்துவிட்டு, குப்பைக் கூடையையும் காலி செய்து, விண்டோஸ் டிஃபெண்டரில் ஒரு முழு ஸ்கேன் ஓடவிடுங்கள். பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய சிப் (zip) கோப்பாக இருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்திருந்தாலும் பயமில்லை. உள்ளே இருந்ததைத் தட்டியிருந்தால்தான் கதை வேறு.

எங்கள் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு வரும் பிள்ளைகள் அநேகமாகச் சொல்வது இதுதான்: "தட்டினேன் அண்ணா, ஒன்றும் வரவில்லை, அதனால் இன்னும் இரண்டு தடவை தட்டினேன்." அந்த "ஒன்றும் வரவில்லை" என்ற பதில்தான் எனக்குப் பயம். உண்மையான அப்டேட் என்றால் ஏதாவது ஒரு பெட்டி திறக்கும், பச்சைக் கோடு ஓடும், முடிந்தது என்று சொல்லும். இந்த வகைக் கோப்பு எதையும் காட்டாமல் பின்னால் வேலையை முடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மலைக்கு ஏறும் நமக்குத் தெரியும், அட்டை ஏறியது தெரியாது, காலில் இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். இதுவும் அப்படித்தான். ஒரு தடவை தட்டியிருந்தாலும் அந்த லெப்டொப்பை நம்பாதீர்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது, உங்கள் போனிலிருந்து, அந்த லெப்டொப்பைத் தொடாமல், பாஸ்வேர்டுகளை மாற்றுவது. முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது, அதை விட்டுவிட்டு பேஸ்புக்கை மாற்றிப் பயனில்லை. கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள் என்ற இடத்துக்குப் போய், அந்த லெப்டொப்பையும் நீங்கள் அறியாத எதையும் வெளியேற்றுங்கள். அடுத்தது வங்கி. ஒன்லைன் வங்கிச் சேவையை அந்த லெப்டொப்பில் பாவித்திருந்தால் வங்கிக்கே போன் செய்து சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் பேஸ்புக், வட்ஸ்அப் வெப், மகளின் வகுப்புக் கணக்குகள். குரோமில் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா" என்று கேட்டபோதெல்லாம் சரி என்று அழுத்தியிருந்தால், சேமித்த அத்தனையும் வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

லெப்டொப்பை நான் என்றால் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுக்க மாட்டேன். படங்கள், வேர்ட் கோப்புகள், வினாத்தாள்கள், இவற்றை மட்டும் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு, விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போடுவேன். அரை நாள் வேலை. மூன்று ஸ்கேனர் சுத்தம் என்று சொன்ன கணினியிலும் ஏதோ ஒன்று மிச்சம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

சரி, இப்போது யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதுதான் பெரும்பாலும் சரி டீச்சர். தம்பியும் பொய் சொல்லவில்லை. அவருக்கு வராதபடிதான் அது எழுதப்பட்டிருக்கும்.

அந்தத் தளத்தின் பக்கங்களுக்குள் யாரோ ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டைச் செருகியிருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்பது பக்கத்தோடு சேர்ந்து உங்கள் பிரவுசருக்குள் வந்து ஓடும் கட்டளை. மெனு திறப்பது, படம் நகர்வது எல்லாம் அதனால்தான். செருகிய வரி, தூரத்தில் இருக்கும் இன்னொரு சேர்வரிடம் "இப்படி ஒருவர் வந்திருக்கிறார், என்ன காட்டட்டும்" என்று கேட்கும். அந்த சேர்வர் வந்தவரைச் சலித்துப் பார்க்கும். விண்டோஸா, போனா? கூகுளில் தேடி வந்தவரா, முகவரியை நேராகத் தட்டி வந்தவரா? இதற்கு முன் ஒரு தடவை காட்டியாயிற்றா? தளத்தின் நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவரா? முற்றின இலையை விட்டுவிட்டுக் கொழுந்தை மட்டும் கிள்ளுவது போல, தனக்கு வேண்டிய ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளும். தம்பி எப்போதும் நிர்வாகியாக உள்நுழைந்தே தளத்தைப் பார்க்கிறார். முகவரியை நேராகத் தட்டுகிறார். அவருக்கு அது ஒரு நாளும் வராது. நீங்களே மறுபடி போய்ப் பார்த்தாலும் வராமல் போகலாம், ஒரு தடவை காட்டியதை உங்கள் பிரவுசரில் குக்கி என்ற சின்னக் குறிப்பில் குறித்து வைத்திருக்கும். "இப்போது வரவில்லை, சரியாகிவிட்டது" என்று எத்தனையோ தளக்காரர்கள் விட்டுவிடுவது இதனால்தான்.

பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த வகைக்கு சொக்கோலிஷ் என்றும் ஃபேக்அப்டேட்ஸ் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை இது. நீங்கள் குரோமில் வந்தால் குரோம் பக்கம், பயர்பொக்ஸில் வந்தால் பயர்பொக்ஸ் பக்கம், நிறமும் சின்னமும் அச்சு அசலாக இருக்கும். சின்னத் தளங்கள்தான் மாட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் அமெரிக்காவில் 250க்கும் மேற்பட்ட செய்தித் தளங்களில் இதே ஸ்கிரிப்ட் வந்தது. அந்தத் தளங்களை ஒவ்வொன்றாக உடைக்கவில்லை. அவற்றுக்கு வீடியோவும் விளம்பரமும் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் ஸ்கிரிப்டைக் கெடுத்தார்கள், அதை இரவல் வாங்கிய தளங்கள் சேர்ந்து கெட்டன. 2024 ஜூனில் பொலிஃபில் என்ற இரவல் ஸ்கிரிப்ட் கெட்டபோது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைத் தங்கள் பக்கத்தில் வைத்திருந்தன. அதனால் "தெரிந்த தளம்தானே" என்பதை ஒரு பாதுகாப்பாக நான் எடுத்துக்கொள்வதே இல்லை. தளத்தை நடத்துபவர் நல்லவர் என்பதற்கும், அதில் இன்று என்ன ஓடுகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

கடையில் நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். கொட்டகலைப் பக்கத்து ஒரு பையன் ஏ.எல் பெறுபேறு பார்க்கத் தளம் தளமாகத் தேடிய இரவில் இறக்கியது. பரீட்சைத் திணைக்களத்தின் தளம் அன்றைக்கு நெரிசலில் மெதுவாக இருந்தது, அதனால் கூகுள் காட்டியதையெல்லாம் திறந்திருக்கிறான். நல்ல காலம், கோப்பைத் திறப்பதற்கு முன் ஏதோ சந்தேகப்பட்டுக் கொண்டுவந்தான். பெயர் "குரோம் அப்டேட்" என்றுதான் இருந்தது. ஆனால் சின்னம் குரோமின் வட்டம் இல்லை, சுருட்டிய காகிதம் மாதிரி ஒன்று. அளவு சில கிலோபைட்தான். குரோமின் உண்மையான பொதி எத்தனையோ மெகாபைட் இருக்கும். கோப்பின் முழுப் பெயரைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றியதும், கடைசியில் புள்ளி ஜேஎஸ் (.js) என்று வந்தது, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. நோட்பேடில் திறந்து பார்த்தோம். அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் ஒரே நீளமாக ஓடி, எங்கோ நடுவில் ஒரு வலை முகவரிக்குப் போய் இன்னொன்றைக் கொண்டு வா, வந்ததை ஓடவிடு என்று இரண்டு கட்டளை. அவ்வளவுதான். அந்தச் சின்னக் கோப்பு திருடன் இல்லை, திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும் ஆள்.

இதிலே ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் கோப்புகளைத் தொட முடியாது, பிரவுசர் அதைக் கூண்டுக்குள்தான் வைத்திருக்கிறது. அதே ஜாவாஸ்கிரிப்டை ஒரு கோப்பாக இறக்கி நீங்கள் தட்டினால், பிரவுசர் இல்லாமல் விண்டோஸே அதை ஓட்டும், அங்கே கூண்டு கிடையாது. அதனால் நான் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு கணினியிலும் இரண்டு மாற்றம் செய்து விடுகிறேன். ஒன்று, கோப்பின் பெயரோடு கடைசி எழுத்துகளும் தெரியும்படி வைப்பது. இன்னொன்று, செட்டிங்ஸில் டிஃபோல்ட் அப்ஸ் என்ற இடத்தில் புள்ளி ஜேஎஸ் என்று தேடி, அதைத் திறக்கும் செயலியாக நோட்பேடை வைப்பது. அதன் பிறகு பிள்ளை தவறித் தட்டினாலும் எழுத்துகள்தான் திறக்கும், எதுவும் ஓடாது. ஐந்து நிமிட வேலை, இன்றைக்கே செய்யுங்கள்.

ஒரு காலத்தில் நம்மை ஏமாற்றவே தேவையில்லாமல் இருந்தது. பிரவுசரோடு சேர்ந்து ஓடிய ஃப்ளாஷ், ஜாவா போன்ற துணைச் செயலிகளில் ஓட்டைகள் நிறைய இருந்தன, பக்கத்தைத் திறந்தாலே போதும், பிளக்ஹோல் போன்ற தாக்குதல் பொதிகள் ஓட்டையைத் தேடிப் புகுந்துவிடும். பிளக்ஹோலைச் செய்தவர் 2013இல் ரஷ்யாவில் பிடிபட்டார். 2020 முடிவில் ஃப்ளாஷும் போய்விட்டது. பிரவுசர்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கின. கதவு இறுகியதும் அவர்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு "நீங்களே வந்து திறந்து விடுங்கள்" என்று கேட்கும் வழிக்கு மாறினார்கள். இன்றைக்கு ஒரு பக்கம் உங்கள் கணினிக்குள் வருவதற்குப் பெரும்பாலும் உங்கள் கை வேண்டும். இறக்கு, தட்டு, ஒட்டு, அனுமதி கொடு என்று கேட்பது எல்லாம் அந்தக் கைக்காகத்தான். பக்கம் கையைக் கேட்கிற இடத்தில் நிற்கப் பழகிக்கொண்டால், மற்ற நுணுக்கம் தெரியாவிட்டாலும் தப்பலாம்.

இதிலே மோசமானது 2024இலிருந்து பரவியிருக்கும் புது வழி. கிளிக்ஃபிக்ஸ் என்கிறார்கள். இதில் கோப்பே இறங்காது, அதனால் "நான் எதையும் டவுன்லோட் பண்ணவில்லையே" என்று மனிதர் சத்தியம் செய்வார். "நான் ரோபோ அல்ல" என்ற பெட்டி வரும், எல்லாரும் தினம் பார்ப்பதுதான். டிக் போட்டதும் "சரிபார்ப்பை முடிக்க மூன்று படி" என்று வரும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்துங்கள், என்டர் அழுத்துங்கள். நீங்கள் டிக் போட்ட அந்த நொடியிலேயே பக்கம் ஒரு நீண்ட கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் கொப்பி செய்து வைத்துவிட்டது. முதல் படி விண்டோஸுக்குக் கட்டளை எழுதும் ரன் பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது கட்டளையை ஒட்டுகிறது, மூன்றாவது அதை ஓட்டுகிறது. ரன் பெட்டி சின்னது, ஒட்டியதில் கடைசித் துண்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கடைசித் துண்டில் "நான் ரோபோ அல்ல, சரிபார்ப்பு எண் இது" என்று எழுதி வைத்திருப்பார்கள். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. கட்டளை இடது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. மெக் கணினியில் இதே வேலையை, கட்டளை எழுதும் டெர்மினலைத் திறக்கச் சொல்லிச் செய்கிறார்கள்.

பண்டாரவளைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி இதில் மாட்டினார். எடிட்டிங்குக்கு ஏதோ ஓர் இலவசச் செயலி தேடிய இடத்தில், மூன்று படியையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். அன்று இரவே அவருடைய பேஸ்புக் பக்கம் போய்விட்டது. ஆறு வருடம் சேர்த்த பக்கம், வேலை வருவதே அதன் வழியாகத்தான். "இரண்டு படிப் பாதுகாப்புப் போட்டிருந்தேனே அண்ணா, ஓடிபி யாருக்கும் கொடுக்கவில்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உண்மைதான், கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பெயரைப் பதிந்து துண்டு வாங்கினால், அப்புறம் ஒவ்வோர் அறையிலும் துண்டைக் காட்டினால் போதும், யாரும் மறுபடி பெயர் கேட்பதில்லை. பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும் பேஸ்புக் அப்படி ஒரு துண்டை உங்கள் பிரவுசரில் வைக்கிறது, அதுதான் குக்கி. திருடியது அந்தத் துண்டை. அதனால்தான் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, கூகுள் கணக்குக்கு மேலே சொன்னது போல மற்றக் கணக்குகளிலும் சாதனங்களை வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் பழைய துண்டு செல்லாமல் போகும்.

இப்படித் திருடும் மென்பொருளில் லூமா என்பது பேர்போனது. 2025 மே மாதம் மைக்ரோசொப்ட்டும் பல நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து அதன் சுமார் 2,300 வலை முகவரிகளை முடக்கினார்கள். அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது.

திருடிய பாஸ்வேர்டுகள் எங்கே போகின்றன என்று பார்த்தால்தான் உங்கள் பள்ளிக்கூடத் தளத்துக்குத் திரும்பி வர முடியும். 2024 ஒக்டோபரில் தளங்களுக்கு முகவரியும் இடமும் விற்கும் கோடாடி நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு ஒன்றைச் சொன்னது. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓடும் 6,000க்கும் மேற்பட்ட தளங்களில் போலிப் பிளகின், அதாவது தளத்தோடு சேர்க்கும் போலித் துணைச் செயலி, போடப்பட்டிருந்தது, அந்தப் பிளகின்தான் பார்வையாளருக்கு போலி அப்டேட்டைக் காட்டியது. தளத்தில் ஓட்டை இருந்து புகவில்லை. நிர்வாகியின் உண்மையான பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து முன்வாசல் வழியாகவே வந்திருக்கிறார்கள். அதாவது எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தட்டிய கோப்பு, அந்த வீட்டில் யாரோ நடத்தும் தளத்தின் சாவியைத் திருடுகிறது. அந்தத் தளம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அப்டேட் காட்டுகிறது. டீச்சர், உங்கள் லெப்டொப்பில் பள்ளிக்கூடத் தளம் எதற்காவது உள்நுழைந்திருக்கிறீர்களா? இருந்தால் அந்தப் பாஸ்வேர்டை இன்றிரவே மாற்றுங்கள், இல்லாவிட்டால் இது உங்களிடமிருந்து அடுத்த தளத்துக்குப் போகும்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு இதைக் காட்டுங்கள். தம்பி, உங்கள் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, சம்பளமில்லாமல் சங்கத்துக்காகச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தளத்திலிருந்து வெளியேறுங்கள். ஒரு விண்டோஸ் கணினியில், இன்கொக்னிட்டோ பக்கத்தில், வேறு இணைப்பில் இருந்து, கூகுளில் தேடி உள்ளே போய்ப் பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும், நிர்வாகிகள் பட்டியலில் நீங்கள் சேர்க்காத பெயர் இருக்கிறதா, பிளகின் கோப்புறையில் நீங்கள் போடாத ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பிளகின் நிர்வாகப் பட்டியலில் தன்னை மறைத்துக்கொள்ளலாம், அதனால் ஹோஸ்டிங் கணக்கில் போய்க் கோப்புறையையே பார்க்க வேண்டும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் (theme) ஹெடர், ஃபங்ஷன்ஸ் கோப்புகளில் அண்மையில் மாறியது எது என்று திகதி சொல்லும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை எங்காவது இலவசமாக எடுத்துப் போட்டிருந்தால், தேடலை அங்கிருந்தே தொடங்குங்கள். அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று நிற்க வேண்டாம். எல்லா நிர்வாகிகளின் பாஸ்வேர்ட், ஹோஸ்டிங் பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மூன்றையும், சுத்தமான ஒரு கணினியிலிருந்து மாற்றுங்கள். இலங்கை சேர்ட் என்ற தேசியக் கணினி அவசர உதவி நிலையம் இருக்கிறது, 101 என்ற எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். தளம் சுத்தமாகும் வரை மூடி வையுங்கள். சங்கத்து வட்ஸ்அப் குழுவிலும் ஒரு வார்த்தை போடுங்கள். டீச்சரின் மகளைப் போல இன்னும் எத்தனை பேர் தட்டியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

உண்மையாகவே குரோமைப் புதுப்பிக்க வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி, ஹெல்ப், அதற்குள் அபௌட் கூகுள் குரோம். அதைத் திறந்தாலே தானாகச் சரிபார்த்துப் புதுப்பித்துவிடும். பக்கத்துக்குள் வரும் அறிவிப்பு பக்கத்துக்காரர் எழுதியது. பிரவுசர் ஏதாவது சொல்வதென்றால் அந்த மூன்று புள்ளி இருக்கும் மேல் பட்டையில்தான் சொல்லும். இந்த வித்தியாசத்தை மகளுக்கு விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள், பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். நம் பக்கம் கொழும்பிலிருந்து அண்ணனோ மாமாவோ கொடுத்து அனுப்பிய பழைய லெப்டொப்தான் நிறைய, அநேகமாக விண்டோஸ் 10. அதற்கான மைக்ரோசொப்ட்டின் இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. "உங்களுடையது பழையது" என்று எவன் சொன்னாலும் நம்பத் தோன்றுவது அதனாலும்தான்.

போனில் இதே வேலை வேறு உருவத்தில் வரும். வீடியோ பார்க்க ஒரு ஏபிகே கோப்பை, அதாவது அன்ட்ரொய்ட் போனில் செயலியை நிறுவும் கோப்பை, இறக்கச் சொல்லும், அல்லது "ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டு அறிவிப்பு அனுப்பும் அனுமதியை வாங்கிக்கொண்டு, அப்புறம் இரவு பகலாக "உங்கள் போனில் வைரஸ்" என்று அனுப்பும். அலவ் அழுத்தியிருந்தால் குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். ஏபிகே இறக்கி நிறுவியிருந்தால் போனைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், அதற்குப் பதில் நீளமானது.

மகள் கோப்பைத் தட்டினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை என்றால், தட்டியதாகவே எடுத்துக்கொண்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையில் அது இன்னும் இருந்தால், கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளோடு முழுப் பெயரையும், அளவையும், இறங்கிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கோப்பை அழித்துவிடுங்கள். அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கோப்பை மட்டும் அனுப்ப வேண்டாம், வட்ஸ்அப்பிலும் வேண்டாம், பென்ட்ரைவிலும் வேண்டாம்.